புறங்கை

விளம்பரத்தில் ஒரே வரி:
ஒரே கை பட்ட வண்டி, சாரெமா தீவு, நேரில் பேசலாம்.

நேரில் போனபோது
கழுவி நிறுத்தியிருந்தார்.
கழுவிய வண்டியை நான் நம்புவதில்லை.
குளிப்பாட்டி வார்டுக்கு அனுப்பிய நோயாளி மாதிரி
எந்த அடையாளமும் மிஞ்சாது.

வால்துர் என்று கை கொடுத்தார்.
நான் லேலோ. இரவுப் பணி முடித்து
தூங்காமல் பஸ் பிடித்து வந்தவள்.
பையில் டார்ச், திருகுச் சாவி,
கோட்டின் உள்பையில் ஆயிரத்து எண்ணூறு யூரோ.
ஏப்ரல். கடலில் இன்னும் பனிக்கட்டி.

முதலில் சரிவு.
சாலைக்கு இறங்கும் மண்பாதையில்
கியரை எடுத்து, கைபிரேக்கை இறக்கி,
காலையும் எடுத்தேன்.
வண்டி அசையவில்லை.
"குளிர்காலம் முழுக்க நின்றது, ஒட்டிக்கொண்டிருக்கும்."
துரு ஒட்டியிருந்தால் ஒரு 'டக்'கோடு விட்டுவிடும்.
இது எதுவுமே சொல்லவில்லை.

பிறகு ஆறு கிலோமீட்டர்
ஜூனிப்பர் புதர்களுக்கு நடுவே,
பிரேக்கைத் தொடாமல்.
பிடியைத் தளர்த்தினால் இடப்பக்கம் இழுத்தது,
பொம்மைக் கடையைக் கண்ட பிள்ளை கையை இழுப்பதுபோல.
"சாலை சரிவு" என்றார்.
வலப்பக்கம் ஓட்டும் நாட்டில்
சாலை வலப்பக்கம்தானே சரியும்?
நான் கேட்கவில்லை.
ஒரு ஏற்றத்தில் வேகம் தானே செத்து நிற்கும்வரை விட்டுவிட்டு
இறங்கினேன்.

கையுறையைக் கழற்றினேன்.
உள்ளங்கை எல்லாவற்றுக்கும் பழகிப்போனது,
சரிதான் சரிதான் என்றே சொல்லும்.
காய்ச்சல் பார்க்கப் புறங்கைதான்.
பின் வலது, குளிர்.
பின் இடது, குளிர்.
முன் வலது, குளிர் என்றே சொல்லலாம்.
முன் இடது
தொடுமுன்பே தெரிந்தது.
முப்பத்தொன்பதைத் தாண்டிய குழந்தையின் நெற்றிக்கு
அரை விரல் முன்னாலேயே கை நின்றுவிடுமே, அப்படி.
மறந்துபோன இஸ்திரிப் பெட்டிக்கு அடியில்
துணி கருகும் வாசனை.

நத்தை வேகத்தில் வீடு திரும்பி
ஜாக் வைத்துத் தூக்கினோம்.
இரண்டு கையாலும் சுழற்றியும்
கால் சுற்று வரவில்லை.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.
மறுமுனையில் ஒன்றுவிட்ட தம்பி ஹெய்கி,
வாயில் ரொட்டியோடு:
"காலிப்பருக்குப் பின்னால் காற்றுத் திருகு இருக்கும்,
அரைத் திருப்பு தளர்த்து.
சக்கரம் விட்டால் ஹோஸ் அடைப்பு.
விடாவிட்டால் பிஸ்டன்."
பிரேக் எண்ணெய் நான்கு சொட்டு புல்லில் விழுந்தது.
சக்கரம் விடவில்லை.

வால்துர் குனிந்து பார்த்தார்.
பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.
பார்வை சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி
வெறும் புல்லில் இருந்தது.
"எனக்கு நேராகத்தானே ஓடியது" என்றார்,
உண்மையாகவே குழம்பி.

ஓடியிருக்கும்.
எத்தனை மாதமோ அந்தக் கை
ஸ்டீயரிங்கை ஒரு இழை வலப்பக்கமாகவே
பிடித்துப் பிடித்து,
அதுதான் நேர் என்று ஆகியிருக்கும்.
ஒரே கை பட்ட வண்டி.
விளம்பரத்தில் பொய் இல்லை.

"நவம்பரில் கண் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்,"
சக்கரத்திடம் சொன்னார்.

காலிப்பர், டிஸ்க் ஒரு ஜோடி, பேடு,
ஹெய்கிக்கு ஒரு பெட்டி பீர்.
மனசுக்குள் கூட்டி
நானூறு குறையுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
முந்நூறு என்று வந்தது.
இரக்கம் என்று எழுத மாட்டேன்.
தூக்கக் கலக்கம்.

"நானூறு" என்றார் அவர்.
"அந்த வாசனை எனக்கு அக்டோபரிலேயே தெரியும்.
அடுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.
நினைக்க வசதியாக இருந்தது."

பணம் எண்ணிக் கொடுத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை ஹெய்கி கட்டி இழுத்துப் போவான்.
அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம்.
கையுறை போடாமலே
வண்டிப் பக்கத்தில் நின்றோம்.
இரண்டு பேரில் யாராவது ஒருவர்
அவ்வப்போது குனிந்து
ஆறிவிட்டதா என்று
தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.