அகில், எண் தெரியவில்லை

ஏழு மணிக்குமுன் காட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும்.
170ஆம் பேருந்திலிருந்து இறங்கி
கோப்பியின் கடைசி மடக்கை நின்றபடியே விழுங்கிவிட்டு
புக்கிட் தீமாச் சரிவில் ஏறுகிறோம்,
நானும் ஹஸ்லிண்டாவும் ஓர் அளவு நாடாவும்.

வேலை இதுதான்:
ஐந்தாண்டுக்கு ஒருமுறை
ஒவ்வொரு மரத்தையும் மார்பளவு உயரத்தில் சுற்றி அளப்பது.
ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு,
அலுமினியத் தகட்டில், ஓர் ஆணியில்.
நானும் எண் உள்ளவள்தான்.
பிறந்தபோதே ஒட்டிய ஏழு இலக்கம்,
முன்னும் பின்னும் ஓர் எழுத்து.

பிரம்புக் கொடி சட்டையைப் பிடிக்கிறது.
பள்ளியில் மேசைமேல் கிடந்த அதே பிரம்புதான்,
இங்கே முள்ளும் இருக்கிறது.
முன்னால் இழுத்தால் கிழிக்கும்,
ஓரடி பின்வாங்கினால் விட்டுவிடும்.
இதைக் கற்க எனக்கு இரண்டு சட்டைகள் ஆயின.

சிராயா உச்சியில் வெயில் வந்துவிட்டது.
நாற்பது மீட்டர் இறங்குவதற்குள்
இலை இலையாய் வரி கட்டி
சில்லறைதான் தரைக்கு வரும்.
துடுப்புவால் கரிச்சான் ஒன்று
வேறு யாருடைய குரலிலோ பேசுகிறது.
கீழே விரைவுச்சாலை, ஓயாமல், ஒரே குரலில்.
நாடாவைச் சுற்றப்போன மரத்தில்
பாசி படிந்த முடிச்சு ஒன்று கண் திறந்தது:
கொலுகோ.
அந்த மரத்தை நாளைக்கு வைத்துக்கொண்டோம்.

இந்தப் பக்கம் சாலை போட்டவர்களில்
வங்கத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கைதிகள் உண்டு.
சிலருக்கு நெற்றியிலேயே குற்றத்தைப் பச்சை குத்தி
கப்பலேற்றியிருந்தார்கள்.
தலைப்பாகையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொண்டு
கல் உடைத்திருப்பார்கள்.
அப்போது காம்பீர்த் தோட்டங்களில் புலி.
இப்போது புலி இல்லை, தோட்டம் இல்லை.
சாலையில் 170 வருகிறது.

மூன்றரைக்கு அந்த மரம்.
பட்டியலில் இருக்கிறது,
மரத்தில் தகடு இல்லை.
பட்டையில் மூடிய உதடுபோல் ஒரு கோடு.
விரலால் தடவினால் உள்ளே மேடு.
தன் எண்ணைத் தானே விழுங்கியிருக்கிறது.

"காஹாரு" என்றாள் ஹஸ்லிண்டா,
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெல்ல.

அகில்.
புத்தகத்தில் மட்டும்தான் எனக்கு அதைத் தெரியும்,
யாரோ ஒருத்தி கூந்தல் உலர்த்தும் புகையாக.
அதற்கு வேர் இருக்கும், அதன்மேல் எறும்பு ஏறும்
என்று தோன்றியதே இல்லை.

பழுதில்லாத அகிலுக்கு மணமில்லை.
காயம் பட்டு, காயத்தில் பூஞ்சை புகுந்து,
உள்ளே மரம் கறுத்தால்தான் மணம்.
அப்படியென்றால் எங்கள் ஆணி?
வெட்டிப் பார்க்காமல் தெரியாது.
வெட்டிப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள்,
இரவில், ரம்பத்தோடு.
அதனால் எந்த இடம் என்று சொல்லமாட்டேன்.
சரிவு என்றதே அதிகம்.

விதிப்படி, பழைய இடத்துக்கு ஒரு சாண் மேலே
புதுத் தகடு அடிக்க வேண்டும்.
சுத்தியலை எடுத்தேன்.
மழை வந்தது.

கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று போனவனை
இந்த ஊரில் எப்படி நம்புவது?
பாதி நாள் நாலு மணிக்குக் கார்காலம்,
ஐந்துக்கு முடிந்துவிடும்.

நனையாத தாளில் பென்சிலால்
கத்திக் கத்திக் கேட்டு எழுதினாள்:
சுற்றளவு, அறுபத்திரண்டு.
நிலை, உயிரோடு.
எண்?
"விழுங்கிவிட்டதென்று எழுது."
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினாள், மலாயில்.

ஆணியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
பேருந்தில் இறங்கும்வரை தொடையைக் குத்தியது.
யாரும் பார்க்காதபோது
விரலை முகர்ந்து பார்த்தேன்.
அலுமினியம். ஈரம்.