பதினைந்தாம் பக்கம்

ஃபர்ஸானா ஷார்ஜா போன அன்று
அறையில் விட்டுச் சென்றவை
ஒரு தோசைக்கல், பாதி டெட்டால்,
செருப்புப் பெட்டி நிறையப் பதினேழு போர்வீரர்கள்.
கட்டைவிரல் உயரம். ஒருத்தனுக்கு வலது கை இல்லை.
"தூக்கிப் போட்றாத, அவங்களுக்குக் கதை இருக்கு"
என்றாள் ஆட்டோவில் ஏறிக்கொண்டே.

கதை இருக்கத்தான் செய்கிறது.
அறுபத்திரண்டு நாவல்களில்.

வில்லாபுரத்தில் ஒரு மொபைல் கடை மாடியில்
ஞாயிறுதோறும் அந்தப் போர் நடக்கிறது.
பிளைவுட் பலகை, தெர்மாகோல் மலை,
ஷாம்பு மூடியில் செய்த எண்ணெய்க் கிடங்கு.
பெட்டியோடு போய் நின்றேன்.
எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று
ஒரே ஒரு கேள்விதான்.
பகடை உருள்வது நின்றது.

முதலில் நடந்ததை முதலில் படிக்கணும்
என்றார் துவாரகநாத்.
ஏழு நிலவும் எரிந்த வருஷத்தில் தொடங்கு,
ஒன்பது புத்தகம், நாலாவது போரடிக்கும், விட்டுவிடாதே.
அதெல்லாம் பின்னாடி எழுதினது சார் என்றான் ஜெரின்,
முடிவு தெரிஞ்சவங்களுக்கு எழுதின தொடக்கம்,
தெரியாதவங்களுக்கு அதுல என்ன இருக்கு?
மூலையில் பசை தடவிக்கொண்டிருந்த பையன்
தலை தூக்காமல்,
"அக்கா, உங்க படை எது?
உங்க ஆளுங்க சாகிற புத்தகத்துல ஆரம்பிங்க."

என் படை எதுவென்று எனக்குத் தெரியாது.
பதினேழு பேரையும் வரிசையில் நிறுத்தினேன்.
பெயிண்ட் படாத வெறும் சாம்பல்.
மூன்று பேரும் மூன்று பெயர் சொன்னார்கள்.
சண்டை பலகையை விட்டு எழுந்து வந்துவிட்டது.

எனக்கு ஆர்.எம்.எஸ்.ஸில் ராத்திரி வேலை.
ஆறு இரண்டு ஐந்து என்று தொடங்கினால்
மேலூரோ உசிலம்பட்டியோ
எப்படியும் ஒரு பொந்து உண்டு.
பதினோரு வருஷத்தில்
கையில் ஒன்றை வைத்துக்கொண்டு இப்படி நின்றதில்லை.

பெரியாரில் இறங்கி நடந்தேன்.
இந்த ஊரைப் பாருங்கள்.
ஆடியைச் சுற்றிச் சித்திரை,
சித்திரையைச் சுற்றி ஆவணி மூலம்,
அதற்கும் வெளியே மாசி.
எந்தக் காலண்டரும் இப்படி ஓடாது.
கீழவாசலில் நுழைந்தவனும் தெற்குவாசலில் நுழைந்தவனும்
ஒரே பருத்திப்பால் வண்டியில் முட்டிக்கொள்கிறார்கள்.
முதல் தெரு எது என்று கேட்டு
யாரும் வெளியே காத்திருப்பதில்லை,
ஒருவழிப்பாதையில் மாட்டிய ஆட்டோக்காரரைத் தவிர.

டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில்
நர்சிங் கைடுகளுக்கு அடியில் அது கிடந்தது.
முதுகில் இருபத்தெட்டு என்று எண்.
எண்பது ரூபாய் என்றார்.
அட்டை இல்லையே என்றேன்.
முதல் பதினாலு பக்கமும்தான் இல்லை என்று
தன்னைத் தானே காட்டிக்கொடுத்தார்.
ஐம்பது.

பதினைந்தாம் பக்கத்தில்
யாரோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறாள்.
பெயர் பதினாலுக்குள் போய்விட்டது, வெறும் "அவள்".
கப்பலில் தபால் பிரிப்பவள்.
போர் முடிந்தது என்ற உத்தரவு
இருநூறு வருஷம் தாமதமாக வந்திருக்கிறது,
முகவரி அழிந்து.
எந்தப் பொந்தில் போடுவதென்று தெரியாமல்
அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

அகராதியைத் தள்ளி வைத்தேன்.

உள்ளதைச் சொன்னால் புத்தகம் சுமார்தான்.
ஒரு துப்பாக்கிக்கு ஆறு பக்கம்.
ஏழு நிலவு எங்கே, யாருக்கு யார் பகை,
ஒன்றும் பிடிபடவில்லை.
பிடிபடாத இடத்திலும் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள்.

ரெண்டரை வண்டி வந்தது. பைகள் இறங்கின.
ஒரு கவரில் தெரு இல்லை, எண் இல்லை,
"பேச்சியம்மாள், கருமாத்தூர் தாண்டி" என்று மட்டும்.
செக்கானூரணிப் பொந்தில் போட்டேன்.
தாண்டி எவ்வளவு தூரமோ, அங்கே இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது நாற்பதாம் பக்கம்.
ஃபேன் காற்றுக்குத் தாள் புரளாமல்
கை இல்லாதவனை அதன்மேல் நிறுத்தியிருக்கிறேன்.
இன்னும் இவன் வரவில்லை.