வேகம் குறையும் இடம்

மாநகர சபை நாற்பது சைக்கிள் வாங்கியது.
எல்லாம் வாழைக்குருத்துப் பச்சை.
காந்தி பூங்காவில் பதினைந்து,
பஸ் நிலையத்தில் பத்து,
மிச்சம் கல்லடிக் கடற்கரையில்.
முதல் அரை மணித்தியாலம் இலவசம்,
மறுகா பத்து நிமிடத்துக்கு இருபது ரூபாய்.
நாடா வெட்டியவர்கள் ஏறி ஓடவில்லை.
வேட்டி.

என் வேலை திரையைப் பார்ப்பது.
வாவியைச் சுற்றி மேயும் நாற்பது புள்ளிகள்.
ஏழாம் இலக்கத்துக்குச் சங்கிலி கழன்றால்
ஆள் அனுப்புவேன்.
பதினெட்டாம் இலக்கம் ஒருநாள் மீன் சந்தைக்குள் போய்
கூடையில் செதிலோடு திரும்பியது.
அதையும் பதிவேட்டில் எழுதினேன்.

மூன்றாம் மாதம் கொழும்பிலிருந்து டிலுக்‌ஷன் பேசினான்,
மென்பொருள் செய்த பொடியன்.
"மேடம், பழைய பாலம் ஏறுற இடத்தில ஒரு பிரச்சினை.
பாதிச் சைக்கிள் அங்க வந்து
நடக்கிற வேகத்துக்கு இறங்குது.
எழுபது மீற்றர். பிறகு சரியாகுது.
றோட்டில கிடங்கு கிடக்கா?"

கிடங்கு இல்லை.
போன வருடம்தான் காபட் போட்டது.
வயதைப் பிரித்துப் பார்த்தேன்.
இருபதுக்குக் கீழே யாருக்கும் வேகம் குறையவில்லை.
நாற்பத்தைந்துக்கு மேலே
ஒருவர் விடாமல்.
காத்தான்குடி ஜுனைதீன், புடவைக் கடைக் கணக்கர்.
ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் ஞானசெல்வி, இரவுக் கடமை முடிந்து.
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
அவசரம் எதுவும் இல்லாதவர்.
அந்த எழுபது மீற்றரில்
மூவரும் ஒரே கோடு.

டிலுக்‌ஷன் பிறந்தது இரண்டாயிரத்து மூன்றில்.
"வீதி நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதி
அனுப்பாமல் வைத்தேன்.

சனிக்கிழமை இருபத்தாறாம் இலக்கத்தை எடுத்தேன்,
சோதிக்கத்தான்.
இருக்கை கொஞ்சம் உயரம்.
கச்சான் காற்று முதுகில் தள்ளியது.
இறங்கமாட்டேன் இறங்கமாட்டேன் என்றே மிதித்தேன்.
பாலத்துக்கு முன்னால்
மண்மூட்டை இல்லை, தகரக் கூரை இல்லை,
ஒரு ஐஸ்பழ வண்டி மட்டும்.
வலது கால் தானாகத் தரையில் ஊன்றியது.
இடது கை கைப்பைக்குள் போய்
அடையாள அட்டையோடு வெளியே வந்தது.
நீட்ட ஆளில்லை.

வெளியூர்க்காரர் இங்கே நின்று
மீன் பாடுதா என்று காது கொடுப்பார்கள்.
எங்கள் காது பழகியது
வேறொரு சொல்லுக்கு.
எவ்வளவு நேரம் நின்றேனோ.

பின்னால் மணி. இரண்டு தரம்.
ரியூசன் போகும் பிள்ளை, அதே பச்சைச் சைக்கிளில்.
"அன்ரி, பழுதா?
கைப்பிடியில இருக்கிற நம்பருக்கு அடிச்சா
ஆள் வருவாங்க."
அந்த நம்பர் என்னுடையது.
"ஒண்டுமில்ல மகள், நீங்க போங்க."
போனாள், எழும்பி நின்று மிதித்து.
நான் அட்டையைக் கையில் வைத்தபடியே
உருட்டினேன்.

கல்லடியில் பூட்டியபோது முப்பத்தேழு நிமிடம்.
தொலைபேசிக்கு வந்தது:
மேலதிக நேரம், இருபது ரூபாய்.
கட்டினேன்.

திங்கட்கிழமை டிலுக்‌ஷனுக்கு விண்ணப்பம் போட்டேன்,
அந்த எழுபது மீற்றரை
நேரக் கணக்கிலிருந்து கழித்துவிடச் சொல்லி.
காரணத்துக்கு ஒரு பெட்டி இருந்தது.
மழை, திருத்தவேலை, வேறு.
"வேறு" என்பதைத் தொட்டேன்.