பிணை

தொண்ணூற்றெட்டு, மார்ச்.
பிஷ்கெக்கில் பனி இன்னும் விடவில்லை.
வங்கியில் மூன்றாம் மேசை என்னுடையது.
எதிரே அனார்குல், வேதியியல் ஆசிரியை,
ஐந்து மாதமாய்ச் சம்பளத்துக்குப் பதில்
சர்க்கரை மூட்டையும் ரப்பர் காலணியும் வாங்கியவள்.

தோர்தோய் சந்தையில் பெட்டி ஒன்று வேண்டும் என்றாள்.
கடலே இல்லாத நாட்டில்
கப்பல் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய சந்தை அது.
கீழ்ப்பெட்டி கடை, மேல்பெட்டி கிடங்கு.

"பிணை?" என்றேன்.
"நான் இருக்கிறேனே."
"கணவர் கையெழுத்து?"
"அவர் சைபீரியாவில். கடிதம்கூட வருவதில்லை.
அவர் வந்து கையெழுத்துப் போடுவதற்குள்
நான் கடனையே அடைத்துவிடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
முத்திரையை எடுத்து, நிராகரிப்பு என்று குத்தினேன்.
மை காயும்வரை காத்திருந்து
தாளை நான்காய் மடித்துக் கொண்டுபோனாள்.

பிறகு காதில் விழுந்ததெல்லாம் உதிரி.
காஷ்கருக்குப் போகும் பேருந்தில்
கட்டம் போட்ட பையின்மேல் உட்கார்ந்தே தூங்கினாளாம்.
தொருகார்ட் கணவாயில் வண்டி உறைந்து நின்ற இரவு
விற்கக் கொண்டுவந்த நாற்பது கோட்டுகளையும்
உடன் வந்தவர்களுக்குப் போர்த்தக் கொடுத்துவிட்டு
விடிந்ததும் எண்ணி வாங்கினாளாம்.
நாற்பதும் இருந்தன.
ஒன்றில் மட்டும் பொத்தான் இல்லை,
அதற்கு விலையைக் குறைத்தாள்.

முதல் வருடம் நட்டம்.
இரண்டாம் வருடம் அவள் வரிசையில் தீ.
கருகிய பெட்டியைத் தேய்த்துப் பச்சை வண்ணம் அடித்தாள்.
ஒன்பது மணிக்குத் திறப்பு, ஒன்பதேகாலுக்குப் போணி.

அப்புறம் வாங்கி விற்பதை விட்டுத் தைக்கத் தொடங்கினாள்.
சாயம் போகுமா என்று
ஒவ்வொரு துணியையும் வினிகரில் நனைத்துப் பார்ப்பாள்.
பள்ளிக்கூடம் அவளைக் கைவிட்டது,
அவள் வேதியியலைக் கைவிடவில்லை.
கள்ளக் கணக்கு எழுதிய சொந்தத் தம்பியை வேலையைவிட்டு நிறுத்தினாள்.
அந்த நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டுக்கு
யாரும் வரவில்லை.
இருநூற்றுப் பத்துத் தையல் இயந்திரங்கள் இப்போது.
அதில் ஒன்று அவளுடையது, இன்னும் தைக்கிறாள்.

நேற்று வர்த்தகச் சங்கத்தின் விழா.
ஓய்வுபெற்ற அதிகாரி என்று என்னையும் அழைத்திருந்தார்கள்.
கொடுத்த கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிப் பார்த்தவள்
ஒலிபெருக்கியிலேயே கேட்டாள்:
"என்ன விலைக்கு எடுத்தீர்கள்?
மொத்தமாகவா, சில்லறையாகவா?"
அரங்கம் அதிரச் சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள்.

பிறகு பையிலிருந்து நான்காய் மடித்த தாள்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
மங்கிய ஊதாவில் என் முத்திரை
எங்கள் பக்கம் பார்த்தது.
அவள் படித்தது பின்பக்கத்தை.
பன்னிரண்டு பெயர்கள்.
மாதச் சீட்டுப் போட்டு
முதல் சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தவர்கள்.

மரியாம்கான், செவிலி.
உல்போல்சுன்:
அடுத்தது ஆணாகட்டும் என்று பெற்றோர் வைத்த பெயர்,
இன்று கணக்குப் பிரிவே அவள் சொல்லில் நடக்கிறது.
இறந்துபோன இருவருக்காகக் கொஞ்சம் நிறுத்தினாள்.
ஏழாவதாக, கனிஷாய் என்றாள்.

என் பக்கத்து நாற்காலியிலிருந்து
என் மனைவி எழுந்து நின்றாள்.

நான் மறுத்த முதல்
என் வீட்டு மாவு டப்பாவிலிருந்து போயிருக்கிறது.

பேருந்து நிறுத்தத்தில் கேட்டேன்: "எவ்வளவு?"
"மாதம் இருநூறு சோம்."
"எதை நம்பி?"
கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"அன்றைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வங்கிக்கு வந்தேன்.
அவள் வெளியே வந்தாள்.
அழவில்லை.
தாளைக் கிழித்து எறியவும் இல்லை."

"வட்டி?"
"கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வங்கி வேலை தெரியாதே."

பேருந்து வந்தது.
சில்லறைக்காக நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.
இருவருக்கும் அவளே சீட்டு எடுத்தாள்.