வலது இழுப்பு

நகரிக்குப் போகும்போதெல்லாம்
ஃபார்கோ வலப்பக்கமே இழுக்கும்.
ஏகாம்பரகுப்பம் தறிக்காரர்கள் சிரிப்பார்கள்,
பொறந்த ஊர் பக்கம் போவுது பாரு என்று.
பள்ளிப்பட்டுக்குத் திரும்பி வரும்போதும் வலதுதான்.
அப்போது ஒருவரும் சிரிப்பதில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து பிக்கப்.
நூல் மூட்டை ஏற்றித் தரைப்பாலம் தாண்டினால்
ஸ்டியரிங் காய்ச்சல்காரன் கைபோல் உதறும்.
இடத்தோளைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வேன்.
பதினோரு வருஷம் அப்படிப் பிடித்ததில்
தையற்காரர் என் சட்டைக்கு
ஒரு தோளை அரை அங்குலம் இறக்கித் தைக்கிறார்,
கேட்காமலே.

ஐப்பசியில் அணையைத் திறந்தார்கள்.
பாலம் முழுகியது. மூன்று நாள் சவாரி இல்லை.
தஸ்தகீர் பட்டறையில் விட்டேன்.

முன்பக்கம் ஜாக்கியில் ஏறியது.
சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார்.
வலது: டிக்.
இடது: டக்கடக்,
பல் விழப்போகும் பிள்ளை வாய்.
"இழுக்கறது வலது, தேஞ்சது இடது.
வலி ஒரு கால்ல, நொண்டல் ஒரு கால்ல."

பூட்டு ஊசி இரண்டே அடியில் வந்துவிட்டது.
கிங்பின் வரவில்லை.
மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி.
காஸ் நெருப்பில் அரை மணி.
பிறகு பித்தளைக் கம்பியை நடுவில் வைத்து
எட்டு பவுண்டு சுத்தியால் கோதண்டன் அடிக்க,
தஸ்தகீர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார்.
எதிர்க்கடைப் பரோட்டா மாஸ்டர்
மாவு வீசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

விழுந்தது.
ஒரு பக்கம் மட்டும் பள்ளம்.
நகத்தை வைத்தால் நகம் நின்றது.

புஷ்ஷை வெட்டி எடுத்தபோதுதான் தெரிந்தது.
கிரீஸ் போக வேண்டிய துளை
நிப்பிளுக்கு நேரே இல்லை,
கால்வட்டம் தள்ளி இருந்தது.
அமாவாசைக்கு அமாவாசை
கிரீஸ் கன்னை வைத்து அழுத்தியிருக்கிறேன்.
நிப்பிள் ஓரத்தில் பிதுங்கும்.
வயிறு நிறைந்தது என்று துடைத்துவிடுவேன்.
எல்லாம் சுவருக்கு ஊட்டிய சோறு.

அந்தப் புஷ்ஷை அடித்தது யார் என்று
நான் கேட்கவில்லை.
ரசீது இன்னும் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது,
அவர் கையெழுத்தோடு.
தஸ்தகீர் புஷ்ஷைத் துடைத்தார்,
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்,
டீ குடிக்கப் போனார்.
தூறலில் நெடுநேரம் கிளாஸோடு நின்றார்.
வந்து சொன்னார்:
"சாமானுக்கு மட்டும் குடு."
வேறு பேச்சு இல்லை.

பொதட்டூர்பேட்டை லேத்தில் சுகுணா
வெண்கலத்தில் புது புஷ் கடைந்து தந்தாள்.
துளை இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்தார்,
நக்கிள்மேலும் ஒரு கோடு.
இரண்டும் நேராக இருக்கிறதா என்று
என்னைப் பார்க்கச் சொன்னார்.
கோதண்டனைப் பார்க்கச் சொன்னார்.
பரோட்டா மாஸ்டரைக் கூப்பிட்டு
அவரையும் பார்க்கச் சொன்னார்.
அப்புறம்தான் அடித்தார்.

ரீமரைக் கையாலேயே சுற்றினார்.
சுருள் சுருளாக மஞ்சள் உதிர்ந்தது.
பின் தன் எடைக்கு மட்டும் இறங்கி
உள்ளே போய் உட்கார்ந்தது.
பேரிங், இரண்டு ஷிம், பூட்டு ஊசி.
நான் கன்னை அழுத்தினேன்.
மேலேயும் கீழேயும்
புதுக் கிரீஸ் எட்டிப் பார்த்தது.
தஸ்தகீர் அதை விரலால் தொட்டார்.
துடைக்கவில்லை.

நாலாம் நாள் பாலம் வெளியே வந்தது,
முதுகெல்லாம் வண்டலும் வாழை மட்டையுமாய்.
வண்டி நேராகப் போனது.
நான்தான் போகவில்லை.
நெடியம் தாண்டியதும்
பழைய தோள் இடப்பக்கம் இழுத்து
முன்சக்கரம் வேலிக்காத்தானுக்குள் ஏறி நின்றது.
பார்த்தது ஒரு எருமை மட்டும்.

ரிவர்ஸ் எடுத்தேன்.
பிடியை லேசாக விட்டேன்,
பயந்து பிடித்தேன்,
மறுபடி விட்டேன்.
நகரி மூக்கு மலை
முன்கண்ணாடி நடுவில் ஆடாமல் நின்றது.

அவர் வாங்காத கூலி
இடது சட்டைப் பையில் இருந்தது,
இறங்கிய தோளுக்குக் கீழே.
அதை எப்படிக் கொடுப்பது என்று
நகரி வரைக்கும் யோசித்துக்கொண்டு போனேன்.