555 புத்தகம்

ஏப்ரலில் ஒரு காலை
ரொஸ்லான் லோரியிலிருந்து இறக்கியது
பதினொரு படுக்கை விரிப்பு.
அதற்கு முந்தைய மாதம் வரை
நாளுக்கு ஆயிரத்து நானூறு.
பத்து பெரிங்கி ஓட்டல்களில்
கடல் மட்டுமே தங்கியிருந்தது.

பதினொன்றையும் மடிக்க
சியூ லான் ஒரு மணி நேரம் எடுத்தாள்.
தீர்ந்துவிட்டால் வீட்டுக்குப் போகச் சொல்வேனோ
என்று பயந்த விரல்கள்.

ஆறு பேரையும் கொதிகலன் பக்கம் கூப்பிட்டேன்.
ஜெலுத்தோங்குக்கு வந்த நாளாய்
அதைக் கையால் தொட்டதில்லை.
அன்று தொட்டேன், சில்லென்று.
பாதிச் சம்பளம்தான் என்று சொல்ல
மூன்று மொழி தெரியும் எனக்கு.
ஒன்றிலும் வாய் வரவில்லை.

அவளே பக்கத்துக் கடைக்குப் போய்
ஒரு 555 நோட்டு வாங்கி வந்தாள்.
அரிசிக்கும் மைலோவுக்கும் கடன் எழுதும்
அதே உள்ளங்கை அகல நோட்டு.
"ஹுத்தாங் பாஸ், ஹுத்தாங்" என்று சிரித்தாள்.
கடன்காரியின் இடத்தில்
முதலாளியின் பெயர்.

எழுதியவன் தயாபரன்.
கணக்கு அவன் வேலை.
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
ஆறு வரி.

ஜூனில் அவன்
கூலிம் பக்கம் கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டான்.
மேசையில் சாவி.
"வீட்ல நிலைமை, பாஸ்."
பதினான்கு வருஷம் உப்புத் தின்றவன் என்றேன்,
நன்றி கெட்டவன் என்றேன்,
மற்றவர் காதில் விழட்டும் என்றே உரக்க.
மொனிருலுக்குத் தமிழ் தெரியாது.
குரல் தெரிந்தது. தலை குனிந்தான்.

ஐந்து பேர் இருந்தார்கள்.
துணியே இல்லாத டிரம்மைத்
திங்கள்தோறும் சுற்றவிட்டார் அமிர்தலிங்கம்,
பேரிங் துருப்பிடிக்குமாம்.
வெறும் இயந்திரம் சுற்றும் சத்தம்
வேலை நடக்கும் சத்தத்தைவிடப் பெரிது.

மதியம் சியூ லானின் பேசினில் மீ,
ரொஸ்லான் வீட்டுச் சம்பால்.
செஞ்சோற்றுக் கடன் என்று
நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது.
அந்த ஏழு மாதம்
சோறு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டால்
நான் என் தட்டைத்தான் காட்ட வேண்டும்.

விசுவாசம் என்று சொல்லக் கூசுகிறது,
நாய்க்கும் அதையேதான் சொல்கிறோம்.
ஏன் போகவில்லை என்று நூர்லேலாவைக் கேட்டேன்.
"எங்கே போவது?" என்றாள்.
அதுவும் உண்மைதான்.
அதற்காக அவள் தேய்த்த மடிப்பு
ஒன்றும் கோணிப்போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து
ஓட்டல் பாக்கி மொத்தமாய் வந்த அன்று
நோட்டைத் திறந்து
ஒவ்வொரு வரியாய் அடித்தேன்,
ஒவ்வொரு கவராய்க் கொடுத்தேன்.
ஆறாவது வரி
ஏற்கெனவே அடிபட்டிருந்தது.
தயாபரன். ஏப்ரல், மே.
இரண்டாயிரத்து முந்நூறு வெள்ளி.
பெற்றுக்கொண்டேன்.
கீழே அவன் கையெழுத்து.

வங்கித் தாளைத் தேடி எடுத்தேன்.
அவனுக்கும் போனது பாதிதான்.
மற்ற ஐவருக்கு
ஓவர்டைம் சென் வரைக்கும் எழுதியிருந்தான்.

போன் போட்டேன்.
பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.
"கணக்கு இடிக்குதே தயா."
"நான் எழுதினா இடிக்காது, பாஸ்."
பிறகு, அவசரமாக,
ஷிப்ட் மணி அடித்துவிட்டது போல:
"ஆறு பேருன்னா ஆகஸ்ட்.
அஞ்சுன்னா டிசம்பர்.
அன்னிக்கே கூட்டிப் பார்த்தேன்."

நோட்டில் இன்னும் எட்டுப் பக்கம் வெறுமை.
அன்று உரக்கச் சொன்ன சொல்லை
எந்த வரியில் எழுதுவது, எதைக் கொடுத்து அடிப்பது,
தெரியவில்லை.

இழுப்பறையில் ஒரு கவர்,
மேலே அவன் பெயர்.
சனிக்கிழமை ஃபெரி ஏறிப்
பட்டர்வொர்த் வழியாய்ப் போய்க் கொடுக்க வேண்டும்.
போன வாரமும்
சனிக்கிழமை என்றுதான் சொன்னேன்.