ஏழு கட்டம், ஒன்பது கட்டம்

டப்பாவில் இருபது மணி நேரம் என்று போட்டிருந்தது.
என் கணக்கில் ஒன்றரை ஷிப்ட்,
அப்புறம் வாவிபாளையம் தாண்டும்வரை டவுன்பஸ்.
அதற்குமேல் உயிர் இல்லை.
பொய்தான். ஆனால் திருப்பூரில்
லேபிளில் போட்டபடியே நிற்கிற பனியன் எது?

எழுநூறு ரூபாய், பழைய பஸ்ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்து.
எங்கள் கம்பெனியில் செல்போனை லாக்கரில் பூட்டணும்.
இதில் கேமரா இல்லை, சிம் இல்லை.
சூப்பர்வைசர் சென்னியப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
தடுக்க ஒரு விதியும் அகப்படாமல்
"டார்கெட் கொறையாம இருந்தாச் சரிங்க" என்று போய்விட்டார்.

பதினோரு வருஷமாகச் செக்கிங்கில் நிற்கிறேன்.
ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது, ஷேடு மாறினது,
விரித்த கை மடிப்பதற்குள் சொல்லிவிடும்.
இதை மட்டும் விரித்துப் பார்க்காமல் எப்படி விடுவது?

வேர்வை ஆகாது. சித்திரையில் இரண்டு தரம் தானாக அணைந்தது.
சார்ஜ் ஓட்டையில் பஞ்சு அடைக்கும்;
ஊக்கால் தோண்டி எடுத்ததைச் சேர்த்திருந்தால்
பொம்மைக்கு ஒரு தலையணை ஆகியிருக்கும்.
அடுத்த பாட்டுக்குப் போகும் அம்புக்குறி
மூன்றாம் மாதமே தேய்ந்து போனது.
கோளாறு காட்ட பீஸில் ஒட்டுகிற
சிவப்பு அம்பு ஸ்டிக்கரில் ஒன்றைக் கிள்ளி ஒட்டினேன்.
அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டையும்
ஒரு கோளாறைத் தொட்டுத்தான் தாண்டுகிறேன்.

கலைத்துப் போடச் சொன்னால்
முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரே அழுகைப்பாட்டை
டீக்கு முன்னால் மூன்று தரம் போடுகிறது.
அதற்கென்ன வெசனமோ.

தமிழ் படிக்க அதற்குத் தெரியாது.
பாட்டின் பெயர் வருகிற இடத்தில்
ஏழு கட்டம், ஒன்பது கட்டம்.
பக்கத்து டேபிள் லிபிகா, நோம்பி லீவில்,
தன் ஒடியாப் பாட்டு நாற்பதை ஏற்றிக் கொடுத்தாள்.
அவையும் கட்டம்.
இப்போது ஏழு கட்டம் வந்தால்
எந்த ஊர்ப் பாட்டென்று காதுதான் சொல்லணும்.

ஒரு செவ்வாய்க்கிழமை.
ஷிப்மெண்ட் நெருக்கம், ஆயிரத்து இருநூறு பீஸ் போகணும்.
பாட்டு நின்றது. சார்ஜ் தீர்ந்ததென்று விட்டுவிட்டேன்,
காதிலிருந்து பிடுங்கக்கூடக் கை ஒழியவில்லை.
எந்தப் பட்டன் அழுந்தியதோ, பதிவில் போயிருக்கிறது.
ஞாயிறு துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் பார்த்தால்
மூன்று மணி நாற்பது நிமிஷம்.

ஓவர்லாக் வரிசையின் இரைச்சல். பீஸ் உதறும் சத்தம்.
ஓகே, ஓகே, ஆல்டர், ஓகே.
யாரோ கண்டக்டர் சில்லறை எண்ணுகிறான் என்று நினைத்தேன்.
என் குரல்.
இரண்டாம் மணிக்குள் எங்கேயோ
"அக்கா".
கொஞ்சம் விட்டு, "அக்கா".
அப்புறம் இன்னொன்று,
யாருக்கும் கேட்கட்டும் என்றில்லாமல், சும்மா.
பிறகு கத்தரி நூல் நறுக்கும் சத்தம் மட்டும்.

நல்ல இயர்போன், வெளிச்சத்தத்தை உள்ளே விடாது
என்று எல்லோரிடமும் மெச்சியவள் நான்.

திங்கள்கிழமை கேட்டேன்:
"அன்னைக்கு எதுக்குடி கூப்பிட்டே?"
எந்த அன்னைக்கு என்று லிபிகா யோசித்தாள்.
"சாக்பீஸ் கேட்டிருப்பேன், அக்கா."
சிரித்தாள், அடுத்த பீஸை உதறினாள்.
சாக்பீஸாகவே இருக்கலாம்.

வலதுபக்கம் இப்போது அவள் காதில்.
ஒயர் குட்டை; டேபிளை ஒரு முழம் நகர்த்திப் போட்டோம்.
சென்னியப்பன் பார்த்தும் பாராமல் போகிறார்.
சில பழைய பாட்டுகளில்
எனக்கு வயலினும் தபேலாவும் மட்டும் வருகின்றன,
பாடுகிறவர் முழுசாக அவளிடம்.
அவளுக்கோ ஒரு சொல் புரியாது.
தலை ஆடுகிற இடம் பார்த்து
சரணம் வந்துவிட்டதென்று தெரிந்துகொள்கிறேன்.

பாஸா, ஆல்டரா,
எந்தப் பெட்டியில் போடுவதென்று கை நிற்கிறது.
மணி ஏழே முக்கால்.
சார்ஜ் ஒரு கோடு இருக்கிறது.
இன்றைக்கு வாவிபாளையம் வரை வராது.